படம் போச்சு, குரல் இருக்கு

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்று இல்லை. எடுத்தார்கள், ஒளிபரப்பினார்கள், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பிறகு தயாரித்த பிபிசியே அவற்றை அழித்துவிட்டது. ஆனாலும் அந்த எபிசோடுகளில் யார் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் கதவு சாத்தியது, எங்கே இசை உயர்ந்தது என்பதையெல்லாம் இப்போதும் முழுசாகக் கேட்கலாம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. அதைக் காப்பாற்றி வைத்தது பிபிசி அல்ல. 1960-களில், டி.வி. பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சில ரசிகர்கள். அவர்களில் பள்ளிக்கூடப் பையன்களும் உண்டு.

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட மறுநாள். உலகமே வேறொரு செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்பாக முதல் எபிசோடை இன்னொரு தடவை போட்டார்கள். கதை எளிமையானது. டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு பெரியவர். வெளியிலிருந்து பார்த்தால் தெருவோரப் போலீஸ் தொலைபேசிக் கூண்டாகவும், உள்ளே போனால் பெரிய கூடமாகவும் இருக்கும் ஒரு கால இயந்திரம். அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போகலாம். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். இருவருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை.

டிசம்பர் மாதம் டாலெக்குகள் வந்தன. சக்கரத்தில் உருண்டு வரும் உலோகக் கூடு, கரகரத்த குரல், கண்டதையெல்லாம் ஒழித்துக்கட்டும் குணம். டாலெக் கதை முடிவதற்குள் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. 1966-ல் கதாநாயகன் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போனபோது, தொடரை நிறுத்துவதற்குப் பதிலாக, டாக்டரின் உடம்பே வேறொன்றாக மாறுவதாகக் கதை பண்ணினார்கள். பாட்ரிக் டிரவுட்டன் புது டாக்டர் ஆனார். இன்றுவரை இந்தத் தொடர் பிழைத்திருப்பதற்கு அந்த ஒரு சாமர்த்தியம்தான் காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் நடந்த எபிசோடும் காணாமல் போனவற்றில் ஒன்று. 1973-ல் 'ப்ளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அந்தக் காட்சியை மட்டும் எடுத்துக் காட்டியதால், ஒருவர் இன்னொருவராக மாறும் அந்தச் சில நொடிகள் தப்பின.

தன்னுடைய சொந்தத் தொடரை ஒரு நிறுவனம் ஏன் அழிக்கும்? கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருந்தாலும், அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இரண்டு அங்குல அகலமுள்ள வீடியோ டேப்பில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். டேப்பின் விலை அதிகம்; அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. நினைத்தபோதெல்லாம் பழையதைப் போட முடியாது. வீட்டில் வைத்துப் பார்க்கும் வீடியோ என்ற வியாபாரமே பிறக்கவில்லை. போதாக்குறைக்குக் கலர் டி.வி. வந்ததும் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிக்கு மதிப்பு போய்விட்டது. இப்படி, 1960-களில் ஒளிபரப்பான 253 எபிசோடுகளின் மூல டேப்புகளும் துடைக்கப்பட்டன.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் வெளிநாட்டு விற்பனை. விசேஷமான ஒரு திரையில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, அதை ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து, 16 மி.மீ. பிரதிகள் எடுத்தார்கள். அந்தப் பிரதிகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், சைப்ரஸ், நைஜீரியா, சாம்பியா என்று பல நாடுகளுக்குப் போயின. ஒரு நாட்டில் ஓடி முடிந்த பெட்டி அடுத்த நாட்டுக்குப் பயணப்பட்டது. கடைசியாக வைத்திருந்த நிலையம் லண்டனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். விற்பனை உரிமைக்காலம் முடிந்த பிறகு, 1970-களில், லண்டனில் இருந்த பிரதிகளும் குப்பைக்குப் போகத் தொடங்கின. விற்பனைப் பிரிவு, நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்தது. நூலகம், டேப்பில் எடுத்ததைப் பாதுகாப்பது தன் வேலையில்லை என்று நினைத்தது. அரசு அலுவலகங்களோடு பழகிய எந்தத் தமிழருக்கும் இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

'டாக்டர் ஹூ' மட்டும் விசேஷமாகப் பழிவாங்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியபோது பிபிசி இரவு முழுக்க நடத்திய அரங்க நிகழ்ச்சியின் பெரும்பகுதியும் அழிந்தது. நம் பக்கத்தில் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இரண்டுக்கும் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: 'டாக்டர் ஹூ'வுக்கு, காணாமல் போனதை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கூட்டம் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் முந்தியவர்கள் ஒலிப்பதிவுக்காரர்கள். மைக்கை டி.வி. ஸ்பீக்கருக்கு எதிரே வைத்தால் வீட்டுச் சத்தமும் சேர்ந்து பதிவாகும். அதனால் வீட்டில் இருப்பவர்கள் அரைமணி நேரம் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பையன் இதற்கு வேறு வழி கண்டான். டி.வி. பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்தே கம்பி இழுத்து நேரடியாக டேப் ரெக்கார்டரில் செருகினான். அன்றைய டி.வி. பெட்டிகளுக்குள் கைவிடுவது ஷாக் அடிக்கும் ஆபத்துள்ள காரியம். ஆனால் இருக்கும் பதிவுகளிலேயே தெளிவானவற்றில் சேர்வது அவன் எடுத்தவைதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிப்பொறியாளர்கள் அவற்றைத் துப்புரவு செய்தபோது, பிபிசியின் சொந்தப் பிரதிகளில் இருந்த ஒலியைவிட இது நன்றாக இருக்கிறது என்று சில எபிசோடுகளுக்கு இதையே பயன்படுத்தினார்கள்.

அவர்கள் யாரும் வரலாற்றைக் காப்பாற்ற உட்காரவில்லை. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல், பார்த்ததை மறுபடி கேட்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. 'பராசக்தி', 'திருவிளையாடல்' வசனங்களை இசைத்தட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் இங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை வானொலி ஒலிச்சித்திரத்தில், பார்க்காத படத்தையே காதால் பார்த்த தலைமுறையும் உண்டு. காது இருந்தால் கண் தானாக வேலை செய்யும்.

குரல் கிடைத்தது, முகத்துக்கு என்ன செய்வது? இங்கே ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் வருகிறார். 1940-களின் இறுதியிலிருந்து அவருக்கு விநோதமான ஒரு தொழில். வீட்டில் உட்கார்ந்து டி.வி. திரையைப் படம் எடுப்பார். ஒரு எபிசோடுக்கு அறுபது எழுபது படங்கள். தான் நடித்ததைத் தானே பார்க்க வழியில்லாத நடிகர்களும், வேலை தேடும்போது காட்ட ஆதாரம் வேண்டிய இயக்குநர்களும் வாங்கிக்கொள்வார்கள். 1969-ல் கியூரா இறந்துபோனார். தபால்தலை அளவில் ஒட்டப்பட்ட அந்தப் படங்களில் பெரும் தொகுதி ஒன்று பிபிசியின் எழுத்தாவணக் காப்பகத்திலேயே கோப்புகளுக்குள் கிடந்தது. டேப்பை அழித்த நிறுவனம் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தது!

1990-களில் ரசிகர்கள் இந்த இரண்டையும் ஒட்டவைத்தார்கள். கியூராவின் படங்களை வரிசையாக ஓடவிட்டு, கீழே விளக்க வரிகள் போட்டு, பின்னணியில் வீட்டு ஒலிப்பதிவைச் சேர்த்தால், அசையாத படங்களாலான ஒரு எபிசோடு தயார். காப்புரிமை பிபிசியுடையது என்பதால் விற்க முடியாது. ஆகவே வெற்று வீடியோ கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால் பதிந்து திருப்பி அனுப்பினார்கள். காசு வாங்கவில்லை. பதிந்ததைப் பதிந்து, அதையும் பதிந்து, முகமெல்லாம் மங்கிப்போன பிரதிகள் நாடு நாடாகச் சுற்றின.

அசையும் துண்டுகளும் கொஞ்சம் அகப்பட்டன. அதில் ஒரு கதை, யாராவது எழுதியிருந்தால் நம்பக்கூட மாட்டோம். ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று, கழுத்தை நெரிப்பது, கத்தியால் குத்துவது, அசுரன் பாய்வது போன்ற காட்சிகளைக் கத்தரித்துவிட்டுத்தான் ஒளிபரப்ப விடுவார்கள். கத்தரித்த துண்டுகளைத் தூக்கி எறியாமல், எந்த எபிசோடில் எங்கே வெட்டியது என்ற குறிப்போடு கோப்பில் வைத்தார்கள். 1996-ல் இரண்டு ஆஸ்திரேலிய ரசிகர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைத் தேடிப் பிடித்தார்கள். எபிசோடுகள் முழுசாக அழிந்துவிட்டன. யாரும் பார்க்கக் கூடாது என்று வெட்டிய சில நொடிகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

இனி, தேடல். 1978-ல் இயன் லெவின் என்ற இசைத் தயாரிப்பாளர், பிபிசியின் விற்பனைப் பிரிவில் இருந்த பிரதிகளை வாங்க முடியுமா என்று விசாரிக்கப் போனார். முதல் டாலெக் கதையின் ஏழு எபிசோடுகளும் அழிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. அவர் போட்ட சத்தத்தில் அது நின்றது. அதே சமயத்தில் பிபிசிக்குள் சூ மால்டன் என்ற அலுவலர், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தேர்வு செய்யும் புதிய பொறுப்பை ஏற்றிருந்தார். எத்தனை எபிசோடு போயிற்று என்று அவர் தலைமையில்தான் முதன்முதலாக முறையாகக் கணக்கெடுத்தார்கள். வெளியே ஒரு கிறுக்கர், உள்ளே ஒரு பொறுப்பான அலுவலர். இருவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் இன்று இருப்பதில் பாதி இருந்திருக்காது.

அதன்பிறகு சொட்டுச் சொட்டாக வந்தன. 1983-ல் லண்டனில் ஒரு மார்மன் தேவாலயக் கட்டடத்தில் இரண்டு எபிசோடுகள். 1984-ல் சைப்ரஸ். அதையடுத்து நைஜீரியா. 1999-ல் நியூசிலாந்தில் ஒரு ஃபிலிம் சேகரிப்பாளரிடம் ஒன்று. அது உலகில் வேறெங்கும் இல்லாதது என்பதே அவருக்குத் தெரியாது. 2011-ல் வெளிவந்த இரண்டின் கதையும் அதேதான். ஓய்வுபெற்ற தொலைக்காட்சிப் பொறியாளர் ஒருவர் 1980-களில் இங்கிலாந்தின் தெற்கே ஒரு பள்ளிக்கூடச் சந்தையில் மற்றச் சுருள்களோடு அவற்றையும் வாங்கி, வீட்டில் வைத்திருந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய ஆரவாரம் 1992-ல். 'சைபர்மேன்களின் கல்லறை' என்ற நான்கு எபிசோடுக் கதையை, சின்ன வயதில் பார்த்தவர்கள் கால் நூற்றாண்டாகக் காவியம்போல் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அதன் நான்கு சுருள்களும் ஹாங்காங் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தன. வீடியோ கேசட் வெளியானதும் விற்பனைப் பட்டியலில் முதலிடம். பார்த்தவர்களில் சிலருக்கு முகம் தொங்கிப்போனது. நன்றாகத்தான் இருந்தது; ஆனால் நினைவில் இருந்த அளவுக்கு இல்லை. தூக்கி எறியும் காட்சியில் கயிறு தெரிந்தது. காணாமல் போன படைப்புக்கு ஒரு சலுகை உண்டு, அதை யாரும் சரிபார்க்க முடியாது. திரும்பி வந்தவுடன் அந்தச் சலுகை போய்விடுகிறது.

நேர் எதிராகவும் நடந்தது. ஃபிலிப் மோரிஸ் என்பவர் பழைய தொலைக்காட்சிச் சுருள்களைத் தேடி ஆப்பிரிக்க நாடுகளில் அலைந்துகொண்டிருந்தார். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு ஒளிபரப்பு நிலையத்தின் பொருட்கிடங்கில் தூசி படிந்த ஃபிலிம் டப்பாக்கள் அகப்பட்டன. 2013 அக்டோபரில் செய்தி வெளியானது: ஒன்பது எபிசோடுகள். காணாமல் போனவற்றின் எண்ணிக்கை 106-லிருந்து 97-க்கு இறங்கியது. அதில் 'உலகத்தின் எதிரி' என்ற ஆறு எபிசோடுக் கதைக்கு அதுவரை ஒரே ஒரு எபிசோடுதான் இருந்தது, அதுவும் சுமாரானது. ரசிகர் பட்டியல்களில் கடைசிப் பக்கமாகக் கிடந்த கதை அது. முழுசாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிரவுட்டனுக்கு அதில் இரட்டை வேடம்: ஒருவர் டாக்டர், இன்னொருவர் உலகத்தை ஆளத் துடிக்கும் கொடுங்கோலன். இரண்டு பேரும் நடக்கும் நடையே வேறு. 'எங்க வீட்டுப் பிள்ளை' பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் ருசி சொல்லாமலே விளங்கும். பிரிட்டிஷ் ரசிகர்கள் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நல்ல நடிப்பைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

கலரிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொன்னால். 1970-களின் தொடக்கத்துக் கலர் எபிசோடுகள் சிலவற்றுக்குப் பிபிசியிடம் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் மிஞ்சியது. அமெரிக்காவில் ஒரு ரசிகர் வீட்டில் பதிந்த கேசட்டில் படம் மங்கல், ஆனால் வண்ணம் இருந்தது. ஒன்றின் தெளிவையும் மற்றொன்றின் வண்ணத்தையும் கம்ப்யூட்டரில் சேர்த்து மீட்டார்கள்.

இந்த ஆர்வம் எப்போதும் அழகாகவே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1985-ல் பிபிசி தொடருக்குப் பதினெட்டு மாத இடைவெளி விட்டபோது, லெவின் பிரபலங்களைத் திரட்டிக் கண்டனப் பாட்டு ஒன்று வெளியிட்டார். அதைப்போல் அசட்டுப் பாட்டு வேறில்லை என்று அன்றும் இன்றும் ரசிகர்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். 2013-க்கு முன்னும் பின்னும், இன்னார் கையில் எல்லா எபிசோடும் இருக்கிறது, மறைத்து வைத்திருக்கிறார் என்ற வதந்தியால் நண்பர்கள் பகையானார்கள். ஒரு பொருளைக் காப்பாற்றும் வெறிக்கும் அதைத் தானே பூட்டி வைத்துக்கொள்ளும் வெறிக்கும் நடுவில் இடைவெளி அதிகமில்லை.

1989-ல் தொடர் நின்றுபோன பிறகு, இந்தக் கூட்டத்திலிருந்தே அதன் அடுத்த முதலாளிகள் வந்தார்கள். 2005-ல் தொடரை மீண்டும் கொண்டுவந்த ரஸல் டி டேவிஸ், அவரை அடுத்துப் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபட் இருவரும் சிறுவயது ரசிகர்கள். இந்தத் தொடரைப் பார்த்தே நடிகனாக வேண்டும் என்று முடிவு செய்தவர் டேவிட் டெனன்ட். பின்னாளில் அவரே டாக்டர் ஆனார். இன்னொரு டாக்டரான பீட்டர் கபால்டி, பதினைந்து வயதில் தொடரைப் பாராட்டி எழுதிய கடிதம் 1974-ல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சாகியிருக்கிறது. காணாமல் போன கதைகளை இப்போது பிபிசியே அனிமேஷனாக எடுக்கிறது. 'டாலெக்குகளின் வல்லமை' என்ற கதையை, முதல் ஒளிபரப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவான 2016 நவம்பர் 5 அன்று அப்படி வெளியிட்டார்கள். உருவங்கள் புதிது, குரல்கள் மட்டும் பழைய டேப் ரெக்கார்டர்களிலிருந்து வந்தவை.

வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்கோ போலோ'வின் ஏழு எபிசோடுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜோஸ் டப்பாக்களிலும் அது இல்லை. இனிக் கிடைத்தால் வெளிநாட்டு நிலையங்களைவிடத் தனியார் வீடுகளில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் தேடுகிறவர்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் எளிதில் வாய்திறப்பதில்லை. அந்தச் சுருள்கள் சட்டப்படி குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை. யாரோ ஒருவர் பையில் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இருக்கின்றன. பாப் மாங்க்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர், ஃபிலிம் பிரதிகள் வைத்திருந்ததற்காகக் கைதாகி, 1979-ல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. குற்றவாளி இல்லை என்று விடுவித்தார்கள். ஆனாலும் அவருடைய சேகரிப்பின் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. அந்த வழக்கை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

இப்போதெல்லாம் பிபிசி சுருளைக் கடனாக வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, உடையவரிடமே திருப்பிக் கொடுக்கவும் தயார். கொடுப்பவரின் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடுவதில்லை. அந்தத் தலைமுறைச் சேகரிப்பாளர்களுக்கோ எண்பது வயது நெருங்கிவிட்டது. அவர்கள் காலமான பிறகு, தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குடும்பங்களிடம் பேசி, சுருள்களை வாங்கிப் பட்டியலிடும் வேலையை லெஸ்டர் நகரை மையமாகக் கொண்ட ஒரு அறக்கட்டளை செய்துவருகிறது. 'டாக்டர் ஹூ' மட்டுமல்ல, எந்த நிகழ்ச்சி அகப்பட்டாலும் அவர்களுக்குச் சரி. ஈரமும் வெப்பமும் பட்ட 16 மி.மீ. சுருள் புளிக்கத் தொடங்கினால் வினிகர் நெடி அடிக்கும். பிறகு சுருங்கி, வளைந்து, புரொஜெக்டரில் ஏற்ற முடியாமல் போய்விடும். அதனால் அவர்களுடைய பட்டியலில் படத்தின் பெயரோடு சுருளின் உடல்நிலையும் எழுதப்படுகிறது.